பொதிகை உச்சியில் ஒரு கற்சிலை, அடிவாரத்தில் ஓயாத தியரிகள்

ஜனவரி பிறந்துவிட்டால் போனக்காட்டில் பேச்சே மாறிவிடும். மற்ற மாதங்களில் அது மூடிக்கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து கடைசி வளைவை ஏறி நிற்கும் ஊர். தேயிலை ஆலையின் இயந்திரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. லயங்களில் இன்னமும் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் மகர மாதம் பிறந்து சிவராத்திரி வரை உள்ள அந்தச் சில வாரங்களில், முதுகில் பையும் கையில் கம்புமாக நாளொன்றுக்குச் சுமார் 100 பேர் இங்கே வந்து இறங்குகிறார்கள். எல்லோரும் போக நினைப்பது ஒரே இடம்: பொதிகை மலையின் உச்சியில், 1,868 மீட்டர் உயரத்தில், கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் அகத்தியர் சிலை.

அந்தச் சிலையைப் பற்றி எழுதத்தான் வந்தேன். ஆனால் என்னைத் துள்ளவைத்தது சிலையைச் சுற்றி நடக்கும் பேச்சு. யார் இவர்? ஏன் இங்கே? ஏன் குள்ளம்? ஏன் தொந்தி? உண்மையில் இது அகத்தியர்தானா? மலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு தியரி வைத்திருக்கிறார்கள். மீதிப் பேருக்கு இறங்கி வரும்போது ஒன்று கிடைத்துவிடுகிறது. அந்தத் தியரிகள் விளையும் இடத்தை, இந்த மலையின் பின்கட்டை, உங்களுக்குத் திறந்து காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் ஒரு சிறு சுற்றுவழி. போனக்காட்டைக் கைப்பேசியில் தேடினால் அகத்தியருக்கு முன்னால் வந்து நிற்பது 25 ஜி.பி. பங்களா. வெள்ளைக்காரத் தோட்ட மேலாளரின் பதின்மூன்று வயது மகள் அங்கே இறந்துபோனாள், குடும்பம் ஊர் திரும்பிவிட்டது, சிறுமி மட்டும் திரும்பவில்லை என்று ஒரு கதை. இடிந்த சுவர்களுக்கு நடுவே டார்ச் அடித்து எடுத்த வீடியோக்கள் ஏராளம். அதில் எனக்கு நாட்டமில்லை. இங்கே மனத்தை உண்மையில் அழுத்துவது, கூலி நின்றுபோய் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தோட்டத் தொழிலாளர்களின் கதை. அதற்குப் பேய் தேவையில்லை.

மலைக்கு வருவோம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக்குக்கும் மதுவுக்கும் அனுமதியில்லை. வழிகாட்டிகளில் பலர் காணிக்காரர்கள், அகத்தியரைத் தங்கள் குருவாகக் கொண்டாடும் மலைமக்கள். கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஓடை ஓடையாகக் கடந்து, ஏழுமடக்கன் தேரி ஏறி, அடுத்து முட்டிடிச்சான் தேரி. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் முகவாயைத் தொட வரும் ஏற்றம் அது. அப்புறம்தான் அதிருமலை முகாம். முகாமைச் சுற்றி யானை புகாதபடி அகழி வெட்டியிருக்கிறார்கள். சுடச்சுடக் கஞ்சியும் பயறும் கிடைக்கும். அதைக் குடித்துவிட்டுக் காலை நீட்டும்போது தொடங்குகிறது கச்சேரி.

என்னோடு வந்தவன் சித்தி மகன். டெக்னோபார்க்கில் வேலை, மிச்ச நேரமெல்லாம் வீடியோ கேம். கோயில் குளம் என்றால் காத தூரம் ஓடுகிறவன் இந்த மலைக்கு மட்டும் ஏன் துள்ளிக்கொண்டு வந்தான் என்பது அந்த இரவில்தான் தெரிந்தது. "அக்கா, இது அப்படியே ஆர்க்டிராகன் பீக்!" என்றான். அப்படியென்றால் என்ன என்று கேட்டதுதான் தாமதம், அவனை நிறுத்த முடியவில்லை.

ஜப்பானின் ஃப்ரம் சாஃப்ட்வேர் நிறுவனம் 2011இல் வெளியிட்ட கேம் டார்க் சோல்ஸ். இயக்கியவர் ஹிதெடாகா மியாசாகி. இவர் சிறுவயதில் நூலகத்திலிருந்து தன் வயதுக்கு மீறிய புத்தகங்களை எடுத்துவந்து, புரியாத இடங்களைப் படங்களைப் பார்த்துக் கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம். அதையே தன் கேம்களின் கதை சொல்லும் முறையாக ஆக்கிவிட்டார். யாரும் உங்களை உட்காரவைத்துக் கதை சொல்ல மாட்டார்கள். ஒரு மோதிரத்தின் விவரக் குறிப்பில் இரண்டு வரி, ஒரு சுவரில் ஒரு சிற்பம், அவ்வளவுதான். மீதியை நீங்கள் கோத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கேமில் சூரிய ஒளிப் பீடம் என்று ஓர் இடம் வருகிறது. அங்கே இருக்க வேண்டிய சிலை உடைக்கப்பட்டிருக்கிறது. அடிப்பகுதி மட்டும் மிச்சம். யாருடைய சிலை? ஒரு மோதிரத்தின் குறிப்பு ஒரு நூல் முனையைத் தருகிறது: க்வின் என்ற ஒளியரசனின் மூத்த மகன் போர்க்கடவுளாக இருந்தான், தன் மூடத்தனத்தால் தெய்வ நிலையை இழந்தான், இன்று அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. விடுவார்களா ரசிகர்கள்? சூரியனைப் புகழ்ந்துகொண்டு திரியும் சொலேர் என்ற வீரன்தான் அந்த மகன் என்றார்கள். இல்லை, தேவாலயத்தில் சம்மட்டி அடிக்கும் கொல்லன் ஆண்ட்ரேதான் என்றார்கள். ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 2016இல் மூன்றாம் பாகம் வந்தபோது ஆர்க்டிராகன் பீக் என்ற மலையுச்சியில், மேகத்துக்கு மேலே, டிராகன் மீதேறி வந்தான் பெயரற்ற அரசன். இவன்தான் அவன் என்று பெரும்பாலான ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பெயரை மட்டும் கேம் அப்போதும் சொல்லவில்லை.

எனக்குச் சிலிர்த்தது இதற்குப் பிறகுதான். அந்த உச்சிக்குப் போக ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? ஒரு பாறை விளிம்பில் தியானத்தில் அமர்ந்தபடியே உறைந்துபோன ஓர் உருவம் இருக்கிறது. அதன் பக்கத்தில் போய் அதேபோல் அமர்ந்து தியானம் செய்ய வேண்டும். உடனே மலையுச்சி திறக்கும். முனிவர் அமர்ந்தது போல் அமர்ந்தால்தான் முனிவர் மலைக்கு வழி! இதைக் கேட்ட இடமோ பொதிகையின் மடியில் அதிருமலை முகாம். சுற்றியிருந்த தூத்துக்குடிக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து வந்து எங்கள் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்களிடம் இருந்தது நட்சத்திரத் தியரி. அன்றிரவு கேட்டவற்றில் என்னை வெளியே ஓடவைத்தது அதுதான். வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி மிகப் பிரகாசமான நட்சத்திரம் கனோபஸ். நம் மரபில் அதன் பெயர் அகத்தியர். தென்வானத்து நட்சத்திரமாகையால் வடக்கே போகப் போக அது தாழ்ந்துகொண்டே போகும். வட அட்சம் 37ஐத் தாண்டினால் தொடுவானத்துக்கு மேலே வரவே வராது. பொதிகை இருப்பதோ சுமார் எட்டரைப் பாகையில். இங்கே அது தெற்கே கிட்டத்தட்ட 29 பாகை உயரம்வரை ஏறுகிறது. எப்போது? ஜனவரி கடைசியில் இரவு பத்து மணிவாக்கில், பிப்ரவரி நடுவில் ஒன்பது மணிவாக்கில். அதாவது, மலைக்கு ஆட்களை அனுமதிக்கும் அதே வாரங்களில்! உச்சியில் தலைக்கு மேலே சிரியஸைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நேராகத் தெற்கே கண்ணை இறக்கினால் அகத்தியர் நிற்பார்.

வடக்கிலிருந்து தெற்கே வந்த முனிவர் என்ற கதையே இந்த நட்சத்திரத்திலிருந்து பிறந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். தெற்கு நோக்கி நடக்கிறவன் கண்ணுக்கு ஒவ்வொரு நாள் பயணத்திலும் இந்த விண்மீன் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வரும். விந்தியத்தைத் தாண்டியபின் இன்னும் துலக்கமாகத் தெரியும். விந்தியம் அகத்தியருக்குத் தலை தாழ்த்தியது என்ற கதையைக் கையில் வைத்துக்கொண்டு இதை யோசித்துப் பாருங்கள். பரிபாடலிலேயே பொதிகை முனிவன் பெயரால் இந்த விண்மீன் வருகிறது. சான்றும் கதையும் இவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் தியரி அபூர்வம். என் ஓட்டில் பாதி அந்த இரவே இதற்குப் போய்விட்டது.

இன்னொரு பக்கம், எல்லோரும் அறிந்த திருமணக் கதை. கயிலையில் சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம். உலகமே வடக்கே திரண்டதால் பூமி சாய்ந்தது. சமன் செய்யச் சிவன் அனுப்பியது இந்த ஒற்றைக் குள்ள முனிவரை. இந்தக் கதையை நான் ஆயிரம் முறை கேட்டிருந்தாலும் மலையில் கேட்கும்போது அதன் துணிச்சல் புதிதாகத் தைக்கிறது. வடக்கில் குவிந்த தேவர் கூட்டம் முழுவதற்கும் தெற்கில் ஓர் ஆள் ஈடு! அதை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

விடிந்ததும் ஏற்றம். ஈறைக் காடு வழியாகப் பொங்கலப்பாறைக்கு வந்து சேர்ந்தால் மரங்கள் குட்டையாகிவிடும், காற்று நீளமாகிவிடும். அதற்கு மேல் வழுக்குப் பாறைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்துப் பாறையோடு ஒட்டி ஏறும்போது, காந்தமானிகளைச் சுமந்துகொண்டு இதே மலையில் ஏறிய ஒரு கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். ஆம், அகத்தியர் உச்சியில் ஒரு காலத்தில் ஆய்வகமே இருந்தது! சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் இயக்குநராக வந்தவர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கீழே நகரத்திலும் மேலே இந்த மலையிலும் ஒரே நேரத்தில் பூமியின் காந்தப்புலத்தை அளந்து ஒப்பிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. 1855இல் மலையில் ஆய்வகம் எழுந்தது. யானைகள் நடமாடும் காட்டின் தலைக்கு மேலே, மேகமும் மழையும் அடிக்கும் பாறையில், காந்த ஊசி எவ்வளவு அசைகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்தார்கள். அந்தக் கணக்குகள் 1874இல் பெரிய நூலாகவே வெளிவந்தன. பூமியின் காந்த மாற்றங்களில் சூரியன் தன்னைத்தானே சுற்றும் சுமார் 26 நாள் தாளம் இருப்பதைக் கண்டவர்களில் பிரவுனும் ஒருவர்.

பூமி சாய்ந்ததைச் சமன்செய்ய முனிவர் வந்து நின்றதாகச் சொல்லும் மலையில், பூமியின் காந்தத் தராசைப் பார்க்க ஒரு விஞ்ஞானி வந்து நின்றிருக்கிறார். இப்படி ஒரு ஒற்றுமையைக் கேமில் வைத்திருந்தால் ரசிகர்கள் பத்து ஆண்டு பேசியிருப்பார்கள்.

உச்சி. சிலை பெரிதில்லை. கருங்கல், எண்ணெய் ஊறிய மினுக்கம், மேலே வானம். அருகில் போனவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. பக்தர்கள் கும்பிடுகிறார்கள், இளைஞர்கள் படம் எடுக்கிறார்கள், மேகம் வந்து எல்லோரையும் மூடிவிட்டுப் போகிறது. தெளிந்த நிமிடங்களில் ஒரு பக்கம் கேரளத்து நீர்த்தேக்கங்கள், மறுபக்கம் தாமிரபரணிச் சமவெளி. பாபநாசத்திலிருந்து இங்கே ஏறிவந்த பழைய தமிழ்நாட்டுப் பாதை பல ஆண்டுகளாக அடைபட்டுக் கிடப்பதால், நெல்லைக்காரர்களும் இப்போது மலையைச் சுற்றிக்கொண்டு போனக்காடு வழியாகத்தான் தங்கள் முனிவரைப் பார்க்க வருகிறார்கள்.

இங்கே நின்றுகொண்டுதான் சித்தி மகன் தன் பெரிய வெடியைப் பற்றவைத்தான். 2022இல் அதே நிறுவனம் வெளியிட்ட எல்டன் ரிங் கேமில் தலைநகரத்தில் ராடகன் என்பவனின் சிலை இருக்கிறது. பின்னோக்கித் திரும்பினால்தான் ரகசியம் புலப்படும் என்று அருகே ஒரு குறிப்பு. அதற்குரிய மந்திரத்தைச் சொன்னால் ராடகன் சிலை மறைந்து, அதே இடத்தில் அவன் மனைவியான அரசி மாரிகா நிற்பாள். இருவரும் ஒருவரே! கேம் உலகத்தைப் புரட்டிப்போட்ட ரகசியம் ஒரு சிலைக்குள் ஒளிந்திருந்தது.

சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தம்பி, இது குற்றாலத்துக் கதைடா!" என்றேன். திருக்குற்றாலத் தலபுராணம் சொல்வது இதைத்தான். குற்றாலக் கோயில் அப்போது திருமால் கோயில். சைவரான அகத்தியரை உள்ளே விடவில்லை. வைணவக் கோலம் பூண்டு உள்ளே போனார். திருமாலின் திருமேனியில் கைவைத்து அழுத்தினார். நெடிய சிலை குறுகிக் குறுகிச் சிவலிங்கமாயிற்று. ஒரு சிலைக்குள் இன்னொரு சிலை என்ற உத்தி நம் முனிவரின் கைவேலை! குற்றாலத்துக்கு வாழ்நாள் முழுக்கக் குளிக்கப் போய்வந்தவன் அவன். இந்தக் கதையை முதன்முறையாகக் கேட்டு வாயைப் பிளந்தான்.

சரி, அகத்தியர் சிலைக்குள்ளேயே வேறொருவர் இருந்தால்?

இதுதான் மகா தியரி. இதைச் சொல்லத்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தெற்கே மலகூட நாட்டில், மலய மலைக்குக் கிழக்கே, போதலகம் என்று ஒரு மலை இருப்பதாக எழுதினார். வழி ஆபத்தானது, பாறைகள் செங்குத்து. உச்சியில் தெளிந்த ஏரி. அதிலிருந்து புறப்படும் ஆறு மலையை இருபது முறை சுற்றிக்கொண்டு தென்கடலில் விழுகிறது. ஏரிக்கரையில் கல்லாலான தெய்வ மாளிகை. அங்கே வந்து தங்குகிறவர் அவலோகிதர், பௌத்தத்தின் கருணை வடிவான போதிசத்துவர். அடிவாரத்தில் நின்று அவரைக் காண வேண்டுகிறவர்களுக்கு அவர் எப்படித் தோன்றுவார்? சில வேளை ஈசுவரனாக, சில வேளை சாம்பல் பூசிய துறவியாக!

ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசகா சென்னையில் தங்கித் தமிழ்ப் பௌத்தத்தை ஆராய்ந்தவர். யுவான் சுவாங் சொன்ன போதலகம் நம் பொதியில் மலையே, அதாவது பொதிகையே, என்று அவர் 1980களின் இறுதியில் வாதிட்டார். அவர் தரப்புக்குப் பலமான ஒரு சாட்சி தமிழிலேயே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம், பௌத்தரான புத்தமித்திரர் இயற்றியது. அகத்தியர் தமிழ் கேட்டது யாரிடம்? சிவனிடம் என்று நாம் படித்திருப்போம். வீரசோழியம் சொல்கிறது: அவலோகிதனிடம். ஒரே மலை, ஒரே தமிழ், ஒரே மாணவர். ஆசிரியர் மட்டும் வேறு.

இதன் விரிவை நினைத்தால் தலை சுற்றும். போதலகம் என்ற பெயர் பயணம் செய்தது. சீனக் கடற்கரைத் தீவொன்று புதுவோஷான் ஆயிற்று. லாசாவில் ஐந்தாம் தலாய் லாமா 1645இல் கட்டத் தொடங்கிய அரண்மனை போதாலா ஆயிற்று. ஜப்பானில் அதற்கு ஃபுதராகு என்று பெயர்; குமானோ கடற்கரையிலிருந்து துறவிகள் சிறு படகுக்குள் தங்களை அடைத்துக்கொண்டு, அந்த மலையை அடைவோம் என்று தெற்குக் கடலில் மிதந்து போனார்கள், திரும்பாமல். ஹிகோசகா சொல்வது சரியென்றால் அவர்கள் தேடிப்போன மலையில்தான் போனக்காட்டுச் சாவடியில் சீட்டுக் காட்டிவிட்டு நாம் ஏறுகிறோம்.

நல்ல தியரிக்கு அழகு அதன் ஓட்டைகளையும் சேர்த்துப் பார்ப்பது. யுவான் சுவாங் காஞ்சிபுரம்வரை வந்தார். அதற்குத் தெற்கே மலகூடத்தைப் பற்றி எழுதியது கேள்விப்பட்டுத்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. உச்சியில் ஏரியும் இல்லை. ஹிகோசகா கட்சிக்காரர்கள் தாமிரபரணி பிறக்கும் பூங்குளத்தைக் காட்டுவார்கள். அது உச்சியில் இல்லையே என்று எதிர்க்கட்சி கேட்கும். மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் ஆறு என்பது மட்டும் தாமிரபரணியின் தொடக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நெஞ்சில் நிற்கும். நான் ஹிகோசகா கட்சி. ஏரியை மட்டும் கேள்விக்குறியோடு வைத்திருக்கிறேன்.

தொந்திக்கும் தாடிக்கும் பதில் தேடினால் கடல் தாண்ட வேண்டும். சாவகத்தில், அதாவது ஜாவாவில், அகத்தியருக்கு எட்டாம் நூற்றாண்டிலேயே சிலை வைத்திருக்கிறார்கள். கிழக்கு சாவகத்தின் தினோயோ கல்வெட்டு பொ.ஆ. 760ஐச் சேர்ந்தது. முன்னோர் மரத்தில் செய்துவைத்த அகத்தியர் சிலை பழுதானதால் கஜயானன் என்ற அரசன் கருங்கல்லில் புதிது செய்துவைத்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. பிரம்பனான் சிவன் கோயிலின் தெற்குக் கருவறையில் இன்றும் அவர்தான், தாடியும் பருத்த வயிறுமாக. அங்கே அவருக்கு பட்டாரகுரு என்று பெயர். பட்டாரகுரு என்பது சிவனா, அகத்தியரா என்று கேட்டால் அறிஞர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ராடகனும் மாரிகாவும் போலவேதான் என்று சித்தி மகன் குதித்தான். சிங்கசாரிக் கோயிலிலிருந்து டச்சுக்காரர்கள் அள்ளிப்போன அழகுச் சிலைகளில் பல 2023இல் இந்தோனேசியாவுக்குத் திரும்பின. அந்தக் கோயிலில் அத்தனை காலமும் தன் மாடத்தை விட்டு நகராமல் இருந்தவர் யார் என்கிறீர்கள்? தெற்கு மாடத்து அகத்தியர்!

இறங்கும் வழியில் காணிக்கார வழிகாட்டி ஒரு சிறு செடியைக் காட்டினார். ஆரோக்கியப்பச்சை. 1987இல் இந்தக் காட்டுக்கு வந்த அறிவியலாளர் குழு, களைத்து உட்கார்ந்த வேளையில், காணிகள் மட்டும் சுறுசுறுப்பாக நடப்பதைக் கவனித்தது. அவர்கள் வழிநெடுக மென்றுகொண்டிருந்தது இதன் காய். அதிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் தோட்டத்தில் ஜீவனி என்ற மருந்து உருவானது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் போயிற்று. காணிகளின் பங்குக்காக 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி நிகழ்வாக உலகம் இதைப் பேசியது. அந்தப் பங்கு எவ்வளவு, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில் பின்னால் மனக்கசப்புகளும் வந்தன. ஆனால் சித்தர் மருத்துவத்தின் தலைவரென்று நாம் சொல்லும் அகத்தியர் மலையில், மருந்தை உண்மையில் காத்து வைத்திருந்தவர்கள் காணிகள். 2016இல் யுனெஸ்கோ தன் உலக வலையமைப்பில் சேர்த்த இந்த உயிர்க்கோளக் காப்பகத்தில் 2,254 வகை உயர்தாவரங்கள் இருக்கின்றன. இந்தக் கணக்கைப் பார்க்கும்போது, அகத்தியர் என்பவர் ஒரு மனிதரல்ல, இந்தக் காட்டின் மருத்துவ அறிவு முழுவதற்கும் வைத்த பெயர் என்ற தியரியும் லேசானதாகத் தெரியவில்லை.

கடைசியாக, என்னை மிகவும் பிடித்துக்கொண்ட ஒன்று. 2019வரை பெண்கள் இந்த உச்சிக்குப் போக முடியவில்லை. அகத்தியர் பிரம்மசாரி, பெண்கள் அருகே வரலாகாது என்ற நம்பிக்கை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பாலின வேறுபாடு கூடாது என்றது. 2019 ஜனவரி 14 அன்று பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அலுவலர் கே. தன்யா சனல் போனக்காட்டிலிருந்து ஏறத் தொடங்கினார். காணிகள் எதிர்ப்புத் தெரிவித்து அடிவாரத்தில் அமர்ந்தார்கள், வழியை மறிக்கவில்லை. அந்தக் கண்ணியத்தையும் குறிப்பிட வேண்டும். இன்று நான் போய்வர முடிந்தது அந்தத் தீர்ப்பால்தான்.

ஆனால் பிரம்மசாரியா? லோபாமுத்திரை எங்கே போனாள்? ரிக் வேதத்தின் முதல் மண்டலத்திலேயே அகத்தியரும் அவர் மனைவி லோபாமுத்திரையும் உரையாடும் சூக்தம் இருக்கிறது. தவத்திலேயே காலம் கழிக்கும் கணவனிடம் தன் ஆசையை வாய்விட்டுச் சொன்னவள் அவள். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இருவரும் சேர்ந்தே நிற்கிறார்கள். இந்த உச்சியில் மட்டும் அவர் தனி. டார்க் சோல்ஸில் உடைந்த பீடத்தைப் பார்த்து இங்கே யார் இருந்தது என்று கேட்டார்களே, அதே கேள்வியை நான் இந்த மலையில் கேட்கிறேன்: அவர் பக்கத்தில் நிற்க வேண்டியவள் எங்கே?

போனக்காட்டிலிருந்து கிளம்பிய பேருந்தில் இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, எங்களோடு இறங்கிய பெண்கள் குழு ஒன்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. நாகர்கோவில் பக்கத்து அக்கா ஒருத்தி, "அவ எதுக்குச் சிலையா நிக்கணும்? ஆறா இறங்கிப் போயிட்டா" என்றாள். குடகில் சொல்லும் கதையில் லோபாமுத்திரைதான் காவிரி. அகத்தியர் கமண்டலத்துக்குள் அடைத்துவைத்தவள் வழிந்து ஆறாக ஓடிவிட்டாள். அது குடகு, இது பொதிகை, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று சித்தி மகன் மறித்தான். அப்படியென்றால் தாமிரபரணியைப் பார், பார்வதி கொடுத்த தாமரை மாலை அகத்தியர் முன்னால் பெண்ணாகி ஆறாகியதுதானே தாமிரபரணி என்று அக்கா கமண்டலத்திலிருந்து மாலைக்குத் தாவினாள். மாலை வேறு, மனைவி வேறு என்றான் இவன். கேமில் மூத்த மகனும் கொல்லனும் ஒன்று என்று நீங்கள் சொன்னால் சரி, நான் சொன்னால் தப்பா என்றாள் அவள். விதுரை வந்தது. இறங்க வேண்டியவர்கள் இரண்டு பேர் இறங்காமல் நெடுமங்காட்டுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள்.